மாப்ளே, முன்பாரமா பின்பாரமா?

மாப்ளே, ஞாயித்துக்கிழமை சாயங்காலம் எங்க பஃபலோ ரோடு புளோக்குக்குக் கீழே நீ வண்டியைக் கொண்டாந்து நிறுத்தின அழகு இருக்கே, தேக்கா சந்தையில வாழைத்தண்டு வாங்கிட்டுப் போன பொம்பளைங்ககூட ஒரு நிமிஷம் நின்னு பாத்தாங்க. பழைய சூப்பர் ஃபோர் பைக். அதுக்குப் பின்னால ரெண்டு பக்கமும் தங்கக் கலர்ல அப்சார்பர். இடுப்புல குடம் வெச்ச மாதிரி ஆளுக்கொரு டப்பா வேற. எவ்வளவுன்னு கேட்டேன், சொன்னே. நான் இந்தச் சிங்கப்பூருக்கு வந்த வருஷம் அந்தக் காசு கையில இருந்திருந்தா வண்டியையே வாங்கி, மிச்சத்துல பெட்ரோல் போட்டு, ஊருக்கு மணியார்டரும் அனுப்பியிருப்பேன். போகட்டும், உன் காசு.

நீ சீட்டுல உக்காந்து ஒரு தடவை எழுந்தே. வண்டி மூணு தடவை எழுந்துச்சு.

அப்பவே எனக்குப் பாதி விளங்கிடுச்சு. மீதியை நீயே சொன்னே. "குதிக்குது மாமா. பிஐஇ எக்ஸ்பிரஸ்வேல பாலத்து இணைப்பு வர்றப்பெல்லாம் நடுமுதுகுல உலக்கை விழுது. ராத்திரியில முன்னால போற காருக்காரன் கையை வெளியே நீட்டித் திட்டுறான்." கடையில கேட்டியான்னேன். "பழகிடும்னாங்க." மாப்ளே, புதுச் செருப்புக்கு அப்படிச் சொல்லலாம். அப்சார்பர் உனக்குப் பழகாது. உன் எடை என்னன்னு அது யாரையும் கேக்காது, கடைக்காரனும் கேக்கல போலிருக்கு.

இவ்வளவு சொன்ன நீ, பின்சீட்டுக் கால்மிதி ரெண்டும் ஏன் விரிஞ்சு நின்னுச்சுன்னு மட்டும் சொல்லல. நானும் கேக்கல.

எங்கப்பா மன்னார்குடிப் பக்கம் மாட்டுவண்டி ஓட்டினவரு, உனக்குத் தெரியும். அவரு நெல்லுமூட்டை ஏத்தும்போது முதல்ல பாக்குறது மாட்டோட கழுத்தைத்தான். மூட்டை முன்னால கூடிட்டா நுகத்தடி கழுத்தை அமுக்கும், அது முன்பாரம். பின்னால கூடிட்டா ஏர்க்கால் மேலே தூக்கும், பூட்டாங்கயிறு மாட்டுத் தொண்டையை இறுக்கும், அது பின்பாரம். ரெண்டுலயும் மாடு நடக்கும். ஆனா பத்து மைல் போனதும் உன்னைத் திரும்பிப் பாக்கும் பாரு ஒரு பார்வை! ஒரு மூட்டையை ஒரு முழம் தள்ளி வெச்சா எல்லாம் சரியாப் போயிடும். அந்த ஒரு முழத்துக்குக் காசு கிடையாது, கண்ணுதான் வேணும்.

உன் வண்டிக்கு இப்ப பின்பாரம். பின்பக்கம் அமுங்கி உக்காந்துக்கிட்டு, மூஞ்சி வானத்தைப் பாக்குது. லைட்டு முன்னால போறவன் கண்ணாடியில போய் அடிக்குதுன்னா காரணம் அதுதான், பல்பு இல்ல. வளைவுல திருப்பினா சோம்பேறி எருது மாதிரி வெளியே வெளியே ஓடுமே, ஓடுதா? ஓடுது. நீ சொல்லல, ஆனா உன் பின்டயர் ஓரத்தைப் பாத்தேன். இதுக்கு நேர்மாறாப் பின்பக்கத்தை ரொம்பத் தூக்கி வெச்சேன்னு வையி, அது முன்பாரம். ஹேண்டில் ஒரு இடத்துல நிக்காது, கொசு கடிச்ச புள்ளை மாதிரி நெளியும்.

சிரிக்காதே. நீ வண்டி நிறுத்துற இந்த இடமே மாட்டுப் பூமி. பஃபலோ ரோடு, அடுத்தது கெர்பாவ் ரோடு. மலாய்ல கெர்பாவ்னாலும் எருமைதான். ஒரே எருமைக்கு ரெண்டு பாஷையில ரெண்டு தெரு. நீ பொறந்த கேகே ஆஸ்பத்திரி இருக்கே, கண்டாங் கெர்பாவ், அதுக்கு அர்த்தம் எருமைக்கொட்டில். அந்தப் பக்கம் ரேஸ் கோர்ஸ் ரோடு, 1933 வரைக்கும் குதிரை ஓடின இடம். மாடு, எருமை, குதிரை எல்லாம் சுமை தூக்கின ஊர்ல நின்னுக்கிட்டு, சுமைன்னா என்னன்னு தெரியாம 400 சிசி வெச்சிருக்கே.

இப்ப வில்வண்டிக் கதை ஒண்ணு சொல்றேன், அப்புறம் ஸ்பேனரை எடுக்கலாம். எங்க ஊர்ப் பண்ணை வீட்டுல ஒரு வில்வண்டி இருந்துச்சு. இரும்புப் பட்டைகளை ஒண்ணுமேல ஒண்ணா அடுக்கி வில்லா வளைச்சு, அது மேல கூண்டை உக்கார வெச்சிருப்பாங்க. அதுல போனா குலுங்கும், ஆனா ஒரு குலுங்கல்ல அடங்கிடும். புதுசா வந்த வண்டிக்காரன் ஒருத்தன், பட்டை கிரீச் கிரீச்சுன்னு சத்தம் போடுதேன்னு விளக்கெண்ணெயை எடுத்துப் பட்டைக்குப் பட்டை தாராளமா விட்டான். சத்தம் நின்னுச்சு. மறுநாள் பண்ணையம்மா கோயிலுக்குக் கிளம்புனாங்க. முதல் வாய்க்கால் மேட்டுல ஏறி இறங்கின வண்டி, ஊஞ்சல் மாதிரி ஆடுது ஆடுது, நிக்கவே மாட்டேங்குது. கூண்டு மூங்கில்ல அம்மா தலை நாலு தடவை இடிச்சுது. வண்டிக்காரனுக்கு வேலை போச்சு.

ஏன் ஆடுச்சு? பட்டைக்குப் பட்டை உரசுறதுதான் அந்த வில்லை அடக்கிக்கிட்டு இருந்துச்சு. எண்ணெய் விட்டு உரசலை எடுத்துட்டான், வில்லு மட்டும் மிச்சம். வில்லுக்குச் சுமக்கத் தெரியும், அடங்கத் தெரியாது. உன் வண்டியிலயும் அதே ரெண்டு பேர்தான். வெளியே சுத்தியிருக்கிற ஸ்பிரிங் சுமக்கிறவன். உள்ளே இருக்கிற எண்ணெய் அடக்குறவன். நீ என்ன பண்ணியிருக்கே, சுமக்கிறவன் சரியில்லைன்னா அடக்குறவன் காதைத் திருகுறே. அடக்குறவன் திமிறினா சுமக்கிறவனை இறுக்குறே. பாவம், ரெண்டு பேரும் ஒரே போல்ட்டுல தொங்குறாங்க, தப்பிக்கவும் வழியில்ல.

அந்தக் காதுத் திருகலுக்கும் காரணம் கேட்டேன், ஞாபகம் இருக்கா? மழைக்கு எக்ஸ்பிரஸ்வே பாலத்துக்கு அடியில பைக்காரங்க ஒதுங்குற இடத்துல நின்னே. அங்க அஞ்சு பேர். தங்கக் கலரைப் பாத்ததும் அஞ்சு பேரும் வாத்தியாராயிட்டாங்க. ஒருத்தர் இதைத் திருகுன்னார், இன்னொருத்தர் அதைத் திருகுன்னார், மழை விடுறதுக்குள்ள எல்லாத்தையும் திருகியாச்சு. நான் குனிஞ்சு எண்ணிப் பாத்தா, இடதுபக்கம் 4 கிளிக், வலதுபக்கம் 11. ஒரு காலுக்கு ஹவாய்ச் செருப்பு, ஒரு காலுக்கு பூட்ஸ் போட்டுக்கிட்டு ஓடுன கதை. ரெட்டை அப்சார்பர் வண்டிக்கு ரெண்டு பக்கமும் ஒரே எண்ணு, ஒரே சுத்து. இல்லைன்னா பின்சட்டம் முறுக்கிக்கிட்டே போகும்.

சரி, முதல் வேலை அளக்குறது. நீ அன்னிக்கு "இதெல்லாம் எதுக்கு மாமா"ன்னு முனகினதால இப்ப எழுதியே அனுப்புறேன்.

அதுக்கும் முன்னால டயர் காத்து. வண்டி ஓடிச் சூடாகுறதுக்கு முன்னாடி, காலையில பாக்கணும். நம்ம ஊர் மத்தியான வெயில்ல பாத்தா ரெண்டு மூணு புள்ளி கூடத்தான் காட்டும், அதை நம்பிக் காத்தை இறக்கிட்டு வராதே. காத்து கம்மியான டயரை வெச்சுக்கிட்டு அப்சார்பரைத் திட்டுனவங்க நிறையப் பேரை என் பட்டறையில பாத்திருக்கேன். காத்தடிச்சு அனுப்பினா "மாமா கைராசி"ம்பாங்க. நானும் ஆமாம்பேன்.

பின்னால அச்சு நட்டுக்கு நேர் மேலே, சீட்டுக்குக் கீழே ஓரமா ஒரு துண்டு டேப் ஒட்டு. அதுதான் குறி. வண்டியை நடு ஸ்டாண்டுல போட்டோ, ரெண்டு பேர் பிடிச்சுத் தூக்கியோ, பின்சக்கரம் தொங்குறப்போ அச்சுல இருந்து குறி வரைக்கும் அள. நாம அளந்தப்போ 560 மில்லிமீட்டர். அடுத்தது, வண்டி தன் சொந்தக் கனத்துல தரையில நிக்கும்போது. 548. அதாவது வண்டி தானா அமுங்குறது 12. கடைசியா நீ ஹெல்மெட், ஜாக்கெட், முதுகுப் பை எல்லாத்தோடயும் ரெண்டு காலையும் மிதியில வெச்சு உக்காரணும், ஒருத்தர் முன்னால ஹேண்டிலைப் பிடிச்சுக்கணும். 515. நீ உக்காந்ததும் மொத்த அமுங்கல் 45.

ஒவ்வொரு தடவையும் ஒருதரம் அமுக்கி விட்டு அள, இன்னொருதரம் லேசாத் தூக்கி விட்டு அள, ரெண்டுக்கும் நடுவுல உள்ளதை எடுத்துக்க. சீல், புஷ் எல்லாம் பிடிச்சு வெச்சுக்கும், ஒரே அளவை நம்பினா ஏமாத்தும். இதை நான் செஞ்சப்போ நீ கைப்பேசியைப் பாத்துக்கிட்டு இருந்தே. யாருக்கோ சிரிப்புப் பொம்மை அனுப்பினே. பாத்தேன்.

ரோட்டுல ஓட்டுற வண்டிக்கு, ஆள் உக்காந்தா பின்சக்கரம் போய்வர்ற மொத்தத் தூரத்துல மூணுல ஒரு பங்குக்குக் கொஞ்சம் கம்மியா அமுங்கணும். உன் வண்டிக்கு 30-லேருந்து 35 மில்லிமீட்டர்னு வெச்சுக்க. உனக்கு 45. அதனாலதான் பாலத்து இணைப்புல உலக்கை. ஏற்கெனவே பாதி உக்காந்த வண்டிக்கு மிச்சம் உக்கார இடம் ஏது? அடியில இருக்கிற ரப்பர்ல போய் முட்டுது. நீ அதை 'கல்லு மாதிரி இருக்கு'ன்னு சொல்லி, இன்னும் தளர்த்தப் பாக்குறே. அது கல்லு இல்ல மாப்ளே, தரை.

அப்போ ஸ்பிரிங் வளையத்தை இறுக்கினா சரியாப் போச்சுன்னு சொன்னே. சொல்லிட்டு ஸ்குரூ டிரைவரையும் சுத்தியலையும் எடுத்தே பாரு, எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு. பல நூறு வெள்ளிச் சாமானை ஆணி அடிக்கிற மாதிரி! அதுக்குன்னே கொக்கி ஸ்பேனர் இருக்கு, வாங்குற அட்டைப்பெட்டியிலயே போட்டுத்தான் குடுப்பான், நீ அதை எங்கயோ தொலைச்சிருப்பே. முதல்ல மரையில இருக்கிற மண்ணைப் பழைய பல்துலக்கியால தட்டணும், கொஞ்சம் எண்ணெய் தடவணும், பூட்டு வளையத்தைத் தளர்த்தணும், அப்புறம்தான் திருப்பணும். எட்டுச் சுத்து சுத்தினோம். சுத்துக்கு ஒன்றரை மில்லிமீட்டர், ஆக 12. திரும்ப அளந்தோம். நீ உக்காந்தா 33. "ஆச்சு மாமா!"ன்னு குதிச்சே.

ஆகல. நீ இறங்கினதும் என்ன அளவு வந்துச்சு? 560. தொங்கும்போதும் 560, தரையில நின்னாலும் 560. வண்டி தன் கனத்துக்கு ஒரு மயிரிழைகூட அமுங்கல, முழுக்க நீட்டிக்கிட்டு நிக்குது. ரோட்டுல ஒரு பள்ளம் வந்தா சக்கரம் இறங்கிப் போய்த் தரையைத் தொட வேண்டாமா? இறங்க இடமில்லாம அந்தரத்துல நிக்கும். மழைநேரத்துல ஜாலான் பெசார் திருப்பத்துல அப்படி நின்னா, நீ எங்க நிப்பேன்னு நான் சொல்ல மாட்டேன்.

இங்கதான் நிறையப் பேர் கோட்டை விடுறது. வளையத்தை இறுக்கினா ஸ்பிரிங் கெட்டியாகுதுன்னு நினைக்கிறாங்க. ஆகாது. நேர் ஸ்பிரிங்குல வண்டி ஒசரம்தான் மாறும். கணக்கைப் பாரு. முன்னாடி 12-ம் 45-ம், வித்தியாசம் 33. இறுக்கின பிறகு 0-வும் 33-ம், வித்தியாசம் அதே 33. உன் உடம்பு ஏறினா அந்த ஸ்பிரிங் 33 அமுங்கும், நீ வளையத்தை மேலே தள்ளினாலும் கீழே இறக்கினாலும் அதே 33 தான். முக்காலி மேல ஏறி நின்னா ஒசரமாத் தெரிவே, பலம் வந்துடுமா?

அதனால உனக்கு வேணுங்கிறது கெட்டியான வேற ஸ்பிரிங். கடைக்குப் போய், "என் எடை ஜாக்கெட்டோட 94 கிலோ, இதுக்கு ஏத்ததாக் குடுங்க"ன்னு வாயைத் திறந்து சொல்லு. 94-னு எழுதும்போதே எனக்குக் கை நடுங்குது. உங்கம்மா உன்னை "புள்ளை இளைச்சுப் போச்சு"ன்னு போன்ல அழுறா. அப்சார்பர் பொய் சொல்லாது. இதுல இன்னொரு நல்லதும் இருக்கு. நீ உக்காந்தா 33, தனியா நின்னா எட்டு பத்துன்னு அளவு வந்தா, ஸ்பிரிங் உனக்குப் பொருத்தம்னு அர்த்தம். உக்காந்தா 33, தனியா நின்னா இருபதுக்கு மேலன்னா ஸ்பிரிங் அதிகக் கெட்டி. எனக்கு அந்தக் கவலைதான் இருக்கும், 58 கிலோ. உனக்கு வராது.

இப்ப அடக்குறவன்கிட்ட வருவோம். உள்ளே என்ன நடக்குதுன்னு கேட்டே. உங்க அத்தை இடியாப்பம் பிழியும்போது போய்ப் பக்கத்துல நில்லு. அச்சை மெதுவா அமுக்கினா மாவு சலசலன்னு இறங்கும். அவசரப்பட்டு ஒரே அமுக்கா அமுக்கினா மாவு திமிறும், கை வலிக்கும். உன் அப்சார்பர் உள்ளேயும் ஒரு தட்டு, தட்டுல ஓட்டை, ஓட்டைக்கு மேல மெல்லிசா வளையற தகடுகள். எண்ணெய்தான் மாவு. நீ கீழே திருகுற குமிழ் அந்த ஓட்டையைச் சின்னதாக்குது பெருசாக்குது, அவ்வளவுதான். கீழே இருக்கிறது, அமுங்கின ஸ்பிரிங் மேலே வர்ற வேகத்துக்கு. டப்பா மேல இருக்கிறது, அமுங்குற வேகத்துக்கு.

டப்பா எதுக்குன்னா, அதுக்கும் தேக்கா சந்தைக்குத்தான் வரணும். தே தாரே ஆத்துறவர் என்ன பண்றார்? ஒரு குவளையிலேருந்து இன்னொரு குவளைக்கு இழுத்து இழுத்து ஊத்தி, காத்தைக் கலந்து நுரை கட்ட வைக்கிறார். டீக்கு நுரை அழகு. எண்ணெய் நுரைச்சா அப்சார்பர் செத்துச்சு. நுரை ஓட்டையில சுலபமா ஓடிடும், அடக்குறதுக்கு ஒண்ணும் இருக்காது. ஓட ஓட எண்ணெய் சூடாகும், சூடானா இளகும், இளகினா வண்டி மிதக்கும். இதுக்காகத்தான் 1950-கள்ல தெ கார்போன்னு ஒரு பிரெஞ்சுக்காரர் ஒரு வழி பண்ணினார். நடுவுல நகர்ற தடுப்பு ஒண்ணைப் போட்டு, ஒரு பக்கம் எண்ணெய், மறுபக்கம் அழுத்தி அடைச்ச காத்து. அழுத்தத்துல இருக்கிற எண்ணெய் நுரைக்காது. உன் டப்பாக்குள்ள இருக்கிறது அந்தத் தடுப்பும், நைட்ரஜனும். டயர்ல இருக்கிற அழுத்தத்தை விடப் பல மடங்கு. அதனால உள்ளே என்னதான் இருக்குன்னு பாக்க ஆசைப்பட்டுத் திறந்துடாதே. சின்ன வயசுல என் ரேடியோவைத் திறந்து பாத்தவன் நீ.

குமிழைத் திருகுற முறை: வலப்பக்கமா மெதுவாத் திருகி முழுசா மூடு, மூடுற கடைசியில அமுக்கிப் பிடிக்காதே. அங்கிருந்து திறந்துக்கிட்டே எண்ணு. தயாரிச்சவன் தாள்ல ஒரு எண்ணு குடுத்திருப்பான், அங்க வெச்சு ஆரம்பி, ரெண்டு பக்கமும். சீட்டை ஓங்கி அமுக்கி விடு. ஒரு தடவை எழுந்து, நிக்கணும். எழுந்து, திரும்ப இறங்கி, திரும்ப எழுந்தா அடக்கம் போதாது. மாமனாரைக் கண்ட மருமகன் மாதிரி தயங்கித் தயங்கி எழுந்தா அடக்கம் கூடிப்போச்சு.

இந்த ரெண்டாவது வியாதி பொல்லாதது, ஏன்னா ஓட்டும்போது அது வேற வேஷம் போட்டுக்கிட்டு வரும். வரிசையா மேடு வந்தா, முதல் மேட்டுல அமுங்கினது எழுந்திருக்கிறதுக்குள்ள ரெண்டாவது வந்துடும், அதுக்குள்ள மூணாவது. ஒவ்வொண்ணுக்கும் கொஞ்சம் கொஞ்சமா அமுங்கி, கடைசியில அடியில போய் உக்காந்துக்கும். ஓட்டுறவனுக்கு "கெட்டியா இருக்கு"ன்னுதான் தோணும். கெட்டியா இருக்கேன்னு இன்னும் நாலு கிளிக் இறுக்குவான். முதல் மேடு சுகமா, நாலாவது மேடு முதுகெலும்பை உடைக்குதான்னு கவனி. அப்படின்னா திற. முதல் மேட்டுலயே சீட்டு உன்னை மேலே எறிஞ்சா, மூடு.

ஒரு நேரத்துல ஒரு குமிழ். ஒரு தடவைக்கு ரெண்டு கிளிக். ஒரே ரோடு, ஒரே வேகம், அதே டயர் காத்து. வீட்டுக்கு வந்து நோட்டுல எழுது. கைப்பேசியில எழுதாதே, அதுல நீ வேற யாருக்கோ எழுத ஆரம்பிச்சுடுவே. சோதிக்க நீ எங்க போனேன்னு கேட்டப்போ, லிம் சூ காங் ரோடுன்னே. டேய், அது ஆகாயப்படை தேவைப்பட்டா விளக்குக்கம்பத்தைப் பிடுங்கிட்டுப் போர் விமானத்தை இறக்கிப் பழகுற ரோடு! அதுல போய் மேடு பள்ளம் தேடியிருக்கே. காஸ்வே பாலத்தைத் தாண்டி மலேசியாப் பக்கம் போ. ஜொகூர்ல ஊருக்குள்ள ஒரு சுத்து போதும், ஒரு மணி நேரத்துல எல்லா வியாதியும் தெரிஞ்சுடும். அந்த ஒரு கிலோமீட்டர்ப் பாலத்துல விடிகாலையில ஆயிரக்கணக்குல வேலைக்கு வர்ற பையன்களைப் பாத்திருக்கியா? சின்ன வண்டி, பின்னால பெட்டி, கறுத்துப்போன கம்பெனி அப்சார்பர். ஆனா பெட்டியில சுமை கூடினா வளையத்தை ஒரு படி ஏத்தணும்னு அவனுக்குத் தெரியும். தங்கம் மாட்டின உனக்குத் தெரியல.

தங்கம்னதும் ஞாபகம் வருது. சிராங்கூன் ரோட்டுல உங்கம்மா ஒரு கிராம் மோதிரம் வாங்கினா 916 முத்திரையைப் பூதக்கண்ணாடி வெச்சுப் பாப்பா, தராசை மூணு தடவை பாப்பா. நீ இத்தனை வெள்ளி குடுத்தியே, தொடர் எண்ணைப் பாத்தியா? ஸ்வீடன்ல கெந்த் ஓலின்ஸ்னு ஒருத்தர் 1976-ல ஆரம்பிச்ச கம்பெனியோட கலர் அது. கலருக்கு ஆசைப்பட்டு உலகம் பூரா போலி வந்தாச்சு, ஸ்டிக்கர்கூட அச்சு அசலா இருக்கும். சில போலியில குமிழ் கிளிக் கிளிக்குன்னு சுத்தும், உள்ளே ஒண்ணோடயும் சேர்ந்திருக்காது. முழுசா மூடி ஒரு தடவை சீட்டை அமுக்கு, முழுசாத் திறந்து ஒரு தடவை அமுக்கு. வித்தியாசமே தெரியலைன்னா நீ வாங்கினது அப்சார்பர் இல்ல, கிலுகிலுப்பை. உன்னோடதுல வித்தியாசம் இருந்துச்சு, பயப்படாதே. ஒரு வாரம் கழிச்சுச் சொல்லலாம்னு இருந்தேன், உன் மூஞ்சியைப் பாத்து மனசு இளகிடுச்சு.

அப்புறம் அந்த 'டக்' சத்தம். வண்டி மேட்டுல ஏறும்போது ஒண்ணு, இறங்கும்போது ஒண்ணு. நீ எண்ணெய் போச்சுன்னு பயந்தே. எண்ணெய் போனா தண்டுல பிசுபிசுன்னு வரும். வெள்ளைத்தாளால துடைச்சுப் பாரு, லேசாப் பூசின மாதிரி இருந்தா பரவாயில்ல, ஈரமாச் சொட்டினா சீல் போச்சு. உன் சத்தத்துக்குக் காரணம் மேல் கண்ணுல இருக்கிற புஷ். வண்டிக் கம்பிக்கும் புஷ் ஓட்டைக்கும் நடுவுல ஒரு மெல்லிசுக் குழாய் போடணும், போடாம மாட்டிட்டாங்க. கடையாணியைக் கழட்டிட்டு மாட்டுவண்டி ஓட்டுற மாதிரி. அதைப் போட்டு, சொன்ன அளவுக்கு மட்டும் இறுக்கு. வீரத்தைக் காட்டி இறுக்கினா புஷ் சுழலாது, அப்சார்பரே வளையும். பின்பக்க ஒசரம் மாறினா செயின் தொங்கலையும் திரும்பப் பாக்கணும், சைடு ஸ்டாண்டுல வண்டி எவ்வளவு சாயுதுன்னும் பாக்கணும். போன வாரம் காய்கறிக்காரர் வண்டிமேல அது சாஞ்சதை நான் அத்தைகிட்ட சொல்லல.

கனடாவுல இருக்கிற உன் கூட்டாளி பனிமேல ஓடுற வண்டி வாங்கியிருக்கானாமே, அவனுக்கும் இதையே அனுப்பலாமான்னு கேட்டே. அனுப்பு. பனியைப் பத்தி எனக்கு என்ன தெரியும்? ஜூரோங்ல ஸ்னோ சிட்டி திறந்த புதுசுல உன்னைக் கூட்டிட்டுப் போனேன், பத்து நிமிஷத்துல ரெண்டு பேருக்கும் மூக்கு ஒழுகி வெளியே வந்தோம். ஆனா அந்த வண்டிப் படத்தைக் காட்டினியே, அதைப் பாத்துட்டுத்தான் சொல்றேன். முன்னால சறுக்குக் கட்டை ரெண்டுக்கும் ரெண்டு அப்சார்பர், ஓடுற பட்டைக்கு உள்ளே முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணு. உள்ளே இருக்கிற முன் அப்சார்பரை இறுக்கினா சறுக்குக் கட்டை லேசாயிடும், திருப்பினா திரும்பாம நேராப் போகும். தளர்த்தினா கட்டை பனியில ஆழமாக் கடிக்கும், ஹேண்டில் கனக்கும். அங்கயும் முன்பாரம் பின்பாரம்தான் மாப்ளே, மாடு மட்டும் இல்ல. குளிர்ல எண்ணெய் கெட்டியாயிடும், அதனால கொஞ்ச தூரம் ஓட்டிச் சூடானப்புறம் குமிழைத் தொடச் சொல்லு. நமக்கு அந்தக் கஷ்டம் இல்ல, நம்ம எண்ணெய் காலையிலயே வெந்துதான் இருக்கு.

இத்தனை வயசான சூப்பர் ஃபோருக்கு இவ்வளவு செலவு எதுக்குன்னு அத்தை கேட்டா, நான் உன் பக்கம்தான் பேசினேன். 1992-ல வந்த வண்டி, 2022-ல ஜப்பான்ல செய்யுறதையே நிறுத்திட்டாங்க. இங்க மோட்டார் சைக்கிள் வெச்சுக்கிற உரிமைச் சீட்டு, அந்தச் சிஓஇ மட்டும் 10,000 வெள்ளியைத் தாண்டின காலத்துல, பத்து வருஷம் முடிஞ்ச வண்டியைப் புதுப்பிச்சு வெச்சுக்கிறவன் புத்திசாலி. அத்தனை வருஷம் ஓடின பழைய அப்சார்பர்ல எண்ணெய் தண்ணியாத்தான் போயிருக்கும், மாத்தினது நியாயம். கலரைத்தான் நியாயப்படுத்த முடியல.

இதெல்லாம் எழுதி முடிச்சுட்டுப் படுக்கலாம்னு பாத்தேன். ராத்திரி பதினோரு மணிக்கு உன் வாட்ஸப் வருது. "மாமா, பின்னால கூடுதலா ஒரு 52 கிலோ மூட்டை ஏத்தினா வளையம் எத்தனை சுத்து?"

நல்ல கேள்வி. பின்சீட்டுல ஏறுற கனம் கிட்டத்தட்ட முழுக்கப் பின்சக்கரத்துலதான் இறங்கும், அதனால வளையத்தை ஏத்தியே ஆகணும். புது ஸ்பிரிங் வந்ததும் மூட்டையோட உக்காந்து திரும்ப அளந்து, எத்தனை சுத்துன்னு எழுதி வெச்சுக்கலாம். எழுற வேகத்தைக் கீழ்க் குமிழ்ல ரெண்டு கிளிக் மூடி அடக்கணும். பின்டயர் காத்தும் வண்டி ஸ்டிக்கர்ல ரெண்டு பேருக்குன்னு போட்ட அளவுக்கு. இல்லைன்னா ஒவ்வொரு மேட்டுலயும் மூட்டை உன் முதுகுல வந்து மோதும். அதுக்காகத்தான் தளர்த்தி வெச்சிருந்தியோ என்னமோ.

ஆனா மாப்ளே, எனக்கு ஒரு சந்தேகம். தேக்காவுல அஞ்சு கிலோ மூட்டை பாத்திருக்கேன், பத்து கிலோ பாத்திருக்கேன், இருபத்தஞ்சும் பாத்திருக்கேன். 52 கிலோ மூட்டை எந்தக் கடையில விக்குது? கால்மிதியில கால் வெச்சுக்கிட்டு வர்ற மூட்டையா? எடையை ஹெல்மெட்டோட சொன்னியா, ஹெல்மெட் இல்லாமச் சொன்னியா? ஒன்றரை கிலோ வித்தியாசம் வரும், கணக்கு தப்பாப் போயிடும்.

நோட்டுல உன் பேருக்குப் பக்கத்துல ரெண்டாவதா ஒரு கோடு போட்டு வெச்சிருக்கேன். மேலே என்ன பேர் எழுதட்டும்?